ஒரு பக்கம், ஒரே பெயர்: விக்கிப்பீடியாவில் நடக்கும் தலைப்புப் போர்கள்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நியூ ஆர்லியன்ஸ் நகரில் அன்று மாலை சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். அதைப் பார்க்க அதிபர் டிரம்ப் 'ஏர் ஃபோர்ஸ் ஒன்' விமானத்தில் போய்க்கொண்டிருக்கிறார். கீழே மெக்சிகோ வளைகுடா. விமானத்துக்குள் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது: புதிதாகப் பெயர் சூட்டப்பட்ட 'அமெரிக்க வளைகுடா'வின் மேல் இந்த விமானம் பறப்பது வரலாற்றில் இதுவே முதல் முறை. பத்திரிகையாளர்கள் நெருக்கியடித்து நிற்க, அந்த நாளையே 'அமெரிக்க வளைகுடா நாள்' என்று அறிவிக்கும் தாளில் டிரம்ப் கையெழுத்துப் போடுகிறார்.

மறுநாள் கூகுள் மேப்ஸ் மாறியது. அமெரிக்காவில் இருந்து பார்ப்பவருக்குப் புதுப் பெயர். மெக்சிகோவில் இருந்து பார்ப்பவருக்குப் பழைய பெயர். நம்மைப் போன்ற மற்றவர்களுக்கு இரண்டும். ஆப்பிளும் பின்னாலேயே வந்தது. பழைய பெயரை விடமாட்டோம் என்ற அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நிருபர்கள் வெள்ளை மாளிகை நிகழ்ச்சிகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. மெக்சிகோ அரசு கூகுள் மீது வழக்குப் போட்டது.

இத்தனை அமளிக்கும் நடுவில் ஆங்கில விக்கிப்பீடியாவின் கட்டுரை 'மெக்சிகோ வளைகுடா' என்ற தலைப்பிலேயே இருந்தது. மாற்றச் சொல்லிக் கோரிக்கைகள் வந்து குவிந்தன. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் தலைமையகம் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்ட அமைப்பு அது. ஆனாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் வைத்திருந்த தலைப்பை, வளைகுடாவின் பெயரை மாற்றிய அதிபரின் ஆணையால் அசைக்க முடியவில்லை. அதே ஆணை அலாஸ்காவின் டெனாலி மலைக்கு 'மவுண்ட் மெக்கின்லி' என்ற பழைய பெயரை மீண்டும் சூட்டியது. விக்கிப்பீடியாவில் அந்த மலையும் டெனாலியாகவே நின்றது.

எங்கிருந்து வந்தது இந்தப் பிடிவாதம்?

அரசாணையும் ஒரு சான்று மட்டுமே

கூகுள் மேப்ஸ் ஆளுக்கொரு பெயரைக் காட்டித் தப்பித்துக்கொள்ளும். கலைக்களஞ்சியத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரு மொழியில் ஒரு பொருளுக்கு ஒரு கட்டுரை. ஒரு கட்டுரைக்கு ஒரே தலைப்பு. மற்ற பெயர்களை எல்லாம் 'வழிமாற்று' என்ற ஏற்பாட்டின் மூலம் அந்தத் தலைப்புக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம். முதல் வரியில் அவற்றையும் குறிப்பிடலாம். ஆனால் பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் நிற்கப்போவது ஒன்றுதான். உள்ளே எழுதும் வாக்கியத்தை இரு தரப்புக்கும் பொதுவாக இழைத்து இழைத்து எழுதிவிடலாம், தலைப்பில் அது நடக்காது. ஒருவர் பெயர் ஏறினால் இன்னொருவர் பெயர் இறங்கியே ஆக வேண்டும். தலைப்புச் சண்டைகள் இவ்வளவு கடுமையாக நடப்பதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

சண்டையைத் தீர்க்க ஆங்கில விக்கிப்பீடியா வைத்திருக்கும் முதன்மை விதி எளிமையானது: நம்பத்தகுந்த நூல்களும் நாளிதழ்களும் ஆய்விதழ்களும் எந்தப் பெயரை மிகுதியாக எழுதுகின்றனவோ, அதுவே தலைப்பு. வாசகருக்குப் பழகியதா, குழப்பமில்லாததா, சுருக்கமானதா, இணையான கட்டுரைகளின் தலைப்புகளோடு ஒத்துப்போகிறதா என்ற கேள்விகளும் உண்டு. அரசின் அதிகாரபூர்வப் பெயர் இந்தச் சான்றுகளில் ஒன்று, அவ்வளவே. 2022-இல் ஐக்கிய நாடுகள் சபை 'துர்க்கியே'வை ஏற்ற பிறகும் ஆங்கிலக் கட்டுரை பழைய 'டர்க்கி'யில் நிற்கிறது. 2016-இல் வாட்டிகன் புனிதராக அறிவித்த பிறகும் அன்னை தெரசா அங்கே அன்னை தெரசாதான். 2023 செப்டம்பரில் ஜி20 விருந்து அழைப்பிதழில் 'பாரத்தின் குடியரசுத் தலைவர்' என்று அச்சானபோது நாடே விவாதித்தது. கட்டுரையின் தலைப்பு 'இந்தியா'வை விட்டு நகரவில்லை.

ஆள்பவர் வாயிலிருந்து வருவதாலேயே ஒரு பெயர் ஏறிவிடாது என்பது இந்த விதியின் பெரிய பலம். அதிகாரத்தின் கை எட்டாத இடம் உலகில் குறைந்துகொண்டே வரும்போது இது சாதாரண விஷயமல்ல. ஆனால் இதே விதிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அதைக் கண்டவர்கள் உக்ரைன்காரர்கள்.

---

பெட்டி: தலைப்பு மாறுவது எப்படி?

ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கி 4 நாளும் 10 தொகுப்புகளும் ஆன எவரும் ஒரு பக்கத்தை வேறு தலைப்புக்கு 'நகர்த்த' முடியும். சர்ச்சைக்குரிய பக்கங்களில் இந்த வசதி பூட்டப்பட்டிருக்கும்.

பூட்டிய பக்கத்துக்குப் பெயர் மாற்ற வேண்டுமானால் கோரிக்கை வைக்க வேண்டும். குறைந்தது 7 நாள் விவாதம் நடக்கும்.

முடிவை அறிவிப்பவர் அந்த விவாதத்தில் கலந்துகொள்ளாதவராக இருக்க வேண்டும். அவர் தலைகளை எண்ணுவதில்லை. எந்த வாதம் விதிக்கும் சான்றுக்கும் பொருந்துகிறது என்று எடைபோட வேண்டும். புதிதாகக் கணக்குத் தொடங்கி 'ஆதரவு' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் ஆயிரம் பேருக்கு அங்கே மதிப்பில்லை.

முடிவு பிடிக்காதவர் மறு ஆய்வு கேட்கலாம். ஒரே கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தால், இத்தனை மாதம் இதைப் பேசக்கூடாது என்று இடைக்காலத் தடையும் போடுவார்கள்.

---

கால் நூற்றாண்டு காத்திருந்த நகரம்

உக்ரைன் தன் தலைநகரின் பெயரை ஆங்கிலத்தில் உக்ரைனிய ஒலிப்புப்படி 'கீவ்' என்று எழுத வேண்டும் என 1995-லேயே முடிவு செய்தது. உலகம் 'கியெவ்' என்றே எழுதிக்கொண்டிருந்தது. அது ரஷ்ய மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போன வடிவம். விக்கிப்பீடியாவும் அதையே வைத்திருந்தது. கட்டுரையோடு இணைந்த பேச்சுப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் ஒரே வழக்கு. 'எங்கள் ஊர்ப் பெயர் எங்களுக்குத் தெரியாதா?' என்பது ஒரு தரப்பு. 'ஆங்கிலத்தில் மக்கள் எப்படி எழுதுகிறார்கள் என்பதே கேள்வி' என்பது மறுதரப்பு. விதிப்படி மறுதரப்பே வென்றுகொண்டிருந்தது.

2018-இல் உக்ரைன் வெளியுறவு அமைச்சகம் உத்தியை மாற்றியது. விக்கிப்பீடியாவோடு மல்லுக்கட்டுவதைவிட, அது எதைச் சான்றாகப் பார்க்கிறதோ அங்கே போவது என்று ஒரு பரப்புரையைத் தொடங்கியது. நாளிதழ்கள், விமான நிலையங்கள், செய்தி நிறுவனங்கள் என ஒவ்வொன்றாக அணுகிப் பேசினார்கள். 2019 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் மாறியது. அக்டோபரில் பி.பி.சி., அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸ். 2020 செப்டம்பரில் விக்கிப்பீடியாவின் தலைப்பும் மாறியது. ஒடெசா என்ற துறைமுக நகரின் தலைப்பு 2022 ஜூலையில், போருக்கு நடுவே, உக்ரைனிய எழுத்துக்கூட்டலுக்கு வந்தது.

இதை வெற்றிக் கதையாகவே சொல்லலாம். ஆனால் நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் மனம் ஒப்பவில்லை. ஒரு மக்கள் கூட்டம் தன் தலைநகரை எப்படி எழுத வேண்டும் என்பதை லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கும் சில ஆசிரியர் குழுக்கள் ஏற்ற பிறகுதான் கலைக்களஞ்சியம் ஏற்றது. அதைச் சாதிக்க ஓர் அரசாங்கமும் அதன் வெளியுறவு அமைச்சகமும் தேவைப்பட்டன. அரசாங்கம் இல்லாத இனங்கள் என்ன செய்யும்? தங்கள் மொழியில் ஆயிரம் புத்தகம் இருந்தும் ஆங்கிலத்தில் பத்துகூட இல்லாத மக்கள் எந்தச் சான்றைக் கொண்டுபோய் வைப்பார்கள்?

கங்கைக்கும் இதே கதைதான். இந்தியாவின் ஆங்கிலப் பத்திரிகைகள் 'கங்கா' என்றே எழுதுகின்றன. ஆங்கிலக் கட்டுரையின் தலைப்போ, கிரேக்க, லத்தீன் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பிய 'காஞ்சஸ்'தான். பல முறை விவாதித்தும் அது மாறவில்லை. உலக அளவில் ஆங்கில நூல்களை எண்ணினால் அந்தப் பெயரே மிகுதி என்கிறார்கள். எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். அந்த நூல்களில் பெரும்பங்கு எந்தக் காலத்தில், யாரால் எழுதப்பட்டவை என்று எண்ணிக்கை சொல்லாது. பெயரிடும் அதிகாரம் ஒரு பக்கமே இருந்த காலத்தில் குவிந்த காகிதம், இன்றைக்கு நடுநிலைச் சான்றாக மேசைக்கு வருகிறது. விதியை எழுதியவர்கள் இந்தக் கேள்வியை இன்னும் நேராக எதிர்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

வேலூருக்கு வந்த இரட்டை எழுத்து

அப்படியானால் அரசு சொன்னதும் மாற்றிவிடலாமா? பதிலுக்கு வெகுதூரம் போக வேண்டாம். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசின் ஓர் ஆணை வெளியானது. 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணை. நோக்கம் நல்ல நோக்கம். எக்மோர் எழும்பூராகவும் டிரிப்ளிக்கேன் திருவல்லிக்கேணியாகவும் ஆவதை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் பட்டியலைப் படித்தவர்கள் திகைத்தார்கள். வேலூரின் முதலெழுத்துக்குப் பின் வந்த இரட்டை உயிரெழுத்தை ஆங்கிலம் தெரிந்தவர் எவரும் 'வீலூர்' என்றே படிப்பார். கோயம்புத்தூருக்கு வந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்துக் கோவைக்காரர்களே தடுமாறினார்கள். மொழியியல் அறிஞர்களிடமிருந்தும் கண்டனம் வந்தது. அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

அரசாணை வந்த அன்றே தலைப்பை மாற்றும் கலைக்களஞ்சியமாக இருந்திருந்தால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஒரு முறை நகர்த்தி, சில நாளில் மறுபடி நகர்த்தியிருக்க வேண்டும். அந்த இடைவெளியில் அங்கிருந்து பெயரை எடுத்துப் போன செயலிகளும் வரைபடங்களும் எந்தக் காலத்தில் திருந்தும்?

கர்நாடகத்தில் 2014 நவம்பர் 1 முதல் பெங்களூர், மைசூர் உட்பட 12 நகரங்களின் ஆங்கிலப் பெயர்கள் அதிகாரபூர்வமாக மாறின. அதன் பிறகும் பல ஆண்டுகள் ஆங்கில விக்கிப்பீடியாவில் 'பெங்களூர்'தான். பெங்களூருவாசிகளுக்கு இது பெரிய குறை. ஆனால் பெயர் ஒரு நாளில் மாறுவதில்லை என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. மதராஸ் நகரம் 1996-இல் ஆங்கிலத்திலும் சென்னையானது. 1862-இல் தொடங்கிய உயர் நீதிமன்றமும், 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகமும், ஐ.ஐ.டி.யும் ஆங்கிலத்தில் இன்றும் 'மெட்ராஸ்' பெயரையே தாங்கி நிற்கின்றன. 'சென்னையிலுள்ள மெட்ராஸ் உயர் நீதிமன்றம்' என்று எழுதுவதில் யாருக்கும் தயக்கமில்லை. ஊட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாரபூர்வமாக உதகமண்டலம். கட்டுரைத் தலைப்பு ஊட்டி. அங்கே போகும் யாரும் இதில் குறை காண மாட்டார்கள்.

ஒரு சொல்லில் ஒரு தீர்ப்பு

ஊர்ப் பெயரில் மரியாதை சம்பந்தப்பட்டிருக்கிறது. நிகழ்வுகளின் பெயரில் உயிர்களே சம்பந்தப்பட்டிருக்கின்றன. 'கலவரம்' என்றால் இரு தரப்பும் அடித்துக்கொண்டார்கள் என்று பொருள். 'படுகொலை' என்றால் ஒரு தரப்பு கொன்றது. 'இனப்படுகொலை' என்றால் ஓர் இனத்தை அழிக்கும் எண்ணத்தோடு கொன்றது. இந்தச் சொற்களில் எதைத் தலைப்பில் வைத்தாலும் கட்டுரை தொடங்குமுன்பே ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது.

உக்ரைன் மீது 2022 பிப்ரவரியில் ரஷ்யா தொடுத்த போரை மாஸ்கோ 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்றது. ரஷ்ய மொழி விக்கிப்பீடியா அதை 'உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பு' என்ற தலைப்பில் எழுதியது. நீக்காவிட்டால் தளத்தையே முடக்குவோம் என்று ரஷ்யாவின் தகவல் தொடர்புக் கண்காணிப்பு அமைப்பு மார்ச் மாதத் தொடக்கத்தில் மிரட்டியது. ராணுவம் குறித்துப் 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை என்று சட்டம் வந்தது. ஏப்ரலில் மாஸ்கோ நீதிமன்றம் விக்கிமீடியா அறக்கட்டளைக்கு 50 லட்சம் ரூபிள் அபராதம் விதித்தது. பக்கத்து பெலாரசில் ஒரு தொகுப்பாளரே கைதானார். அப்படியும் தலைப்பில் இருந்த 'படையெடுப்பு' என்ற சொல்லை அவர்கள் எடுக்கவில்லை. தலைப்பு விவாதம் என்பது பொழுதுபோகாதவர்களின் சச்சரவு என்று நினைப்பவர்கள் இதை அவசியம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு சொல்லை இருந்த இடத்தில் விட்டுவைத்ததற்குச் சிறை போகும் அபாயத்தை ஏற்றவர்கள் அவர்கள்.

தியானன்மென் சதுக்கத்தில் 1989-இல் நடந்தது ஆங்கிலத் தலைப்பில் 'போராட்டங்களும் படுகொலையும்' என்று இருக்கிறது. சீன மொழிக் கட்டுரையில் 'ஜூன் 4 நிகழ்வு'. பெய்ஜிங்குக்குப் பணிந்து வைத்த பெயர் என்று அதை நினைத்துவிடக்கூடாது. சீனப் பெருநிலத்தில் விக்கிப்பீடியா முடக்கப்பட்டிருக்கிறது. சீனப் பதிப்பில் தைவான், ஹாங்காங், புலம்பெயர்ந்த சீனர்கள் நிறையவே எழுதுகிறார்கள். சீன மொழியில் அந்த நாளைத் தேதியைச் சொல்லிக் குறிப்பதே வழக்கம். அந்தத் தேதியைச் சொன்னாலே எல்லாம் புரியும். ஒரே விதி இரண்டு மொழியில் இரண்டு பெயர்களைத் தருகிறது.

காசா விஷயத்தில் இன்னும் கடுமை. இனப்படுகொலைக் 'குற்றச்சாட்டு' என்ற பொருளில் இருந்த ஆங்கிலத் தலைப்பு, நீண்ட விவாதத்துக்குப் பின் 2024 ஜூலையில் 'காசா இனப்படுகொலை' என்று மாறியது. ஆய்வாளர்கள் எழுதியதே சான்று என்றது ஒரு தரப்பு. நீதிமன்றத் தீர்ப்பு வராத ஒன்றை விக்கிப்பீடியா தன் குரலில் சொல்லலாமா என்றது மறுதரப்பு. 2025 நவம்பரில் இணை நிறுவனர் ஜிம்மி வேல்ஸே பேச்சுப் பக்கத்துக்கு வந்து கட்டுரையின் நடுநிலை குறித்து ஆட்சேபம் எழுப்பினார். தொகுப்பாளர்கள் பலர் அவரோடு நேருக்கு நேர் வாதிட்டார்கள். நிறுவனரின் சொல்லும் அங்கே ஒரு வாதம்தான்.

இலங்கைப் போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் ஆங்கில விக்கிப்பீடியாவில் தமிழ், சிங்களத் தொகுப்பாளர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் அழித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மருந்தாக அவர்களே 'இலங்கை நல்லிணக்கத் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். எந்தத் தளத்தை எப்படி மேற்கோள் காட்டலாம் என்று உட்கார்ந்து வகைப்படுத்தினார்கள். அரசின் பாதுகாப்பு அமைச்சகத் தளமானாலும் தமிழ்த் தரப்புச் செய்தித் தளமான தமிழ்நெட் ஆனாலும், எந்தச் சார்பு என்பதைச் சொல்லித்தான் பயன்படுத்த வேண்டும். களத்தில் பேச்சே நின்றுபோன நாட்களில் இரு தரப்பு இளைஞர்கள் ஒரு பக்கத்தில் கூடி வார்த்தைக்கு வார்த்தை பேரம் பேசினார்கள். போர் நிற்கவில்லை; ஆனால் அந்தப் பேச்சு நடந்தது என்பதற்குப் பதிவு இருக்கிறது. 1983-இல் இலங்கைத் தமிழர்கள் மீது நடந்த கொடூரத்தைத் தமிழ் விக்கிப்பீடியா 'கறுப்பு யூலை' என்று எழுதுகிறது. தமிழ்நாட்டு வழக்கில் 'ஜூலை'. அனுபவித்தவர்கள் எழுதும்படியே அந்தத் தலைப்பு இருப்பதுதான் முறை.

---

பெட்டி: சில பிரபல வழக்குகள்

தயிரின் எட்டு ஆண்டுகள். யோகர்ட் என்ற சொல்லில் 'எச்' எழுத்து வருமா, வராதா? 2003-இல் ஒருவர் அமெரிக்க எழுத்துக்கூட்டலை பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலாக மாற்றினார். பழையபடி திரும்ப 2011 ஆனது.

டெரியா, லண்டன்டெரியா? வடக்கு அயர்லாந்தின் தேசியவாதிகளுக்கு டெரி. பிரிட்டனோடு ஒன்றியிருக்க விரும்புவோருக்கு லண்டன்டெரி. சமரசம்: நகரத்துக்கு டெரி, அதைச் சூழ்ந்த கவுன்டிக்கு லண்டன்டெரி.

காலத்துக்கொரு பெயர். போலந்தின் கிதான்ஸ்க் நகரம் ஜெர்மனியருக்கு டான்சிக். 2005-இல் நடந்த வாக்கெடுப்பின்படி 1308-க்கு முந்தைய, 1945-க்குப் பிந்தைய வரலாற்றில் கிதான்ஸ்க். இடைப்பட்ட காலத்துக்கு டான்சிக்.

மூன்றாவது பெயர். தென் கொரியா டோக்டோ என்றும் ஜப்பான் டாக்கேஷிமா என்றும் உரிமை கோரும் தீவுக்கூட்டத்துக்கு, 1849-இல் அங்கே வந்த பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பலின் பெயரால் 'லியான்கூர் பாறைகள்'.

போய் வந்த மியான்மர். 2007-இல் 'பர்மா' ஆனது. 2015-இல் 'மியான்மர்' ஆனது.

---

மனிதர்களின் பெயர்

2013 ஆகஸ்ட் 22. விக்கிலீக்ஸுக்கு ஆவணங்கள் கொடுத்த வழக்கில் முந்தைய நாள் 35 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றிருந்த அமெரிக்க ராணுவ வீரர், தான் ஒரு பெண் என்றும் இனித் தன் பெயர் செல்சி மேனிங் என்றும் அறிவித்தார். அன்றைக்கே கட்டுரையின் தலைப்பு மாறியது. உடனே பூகம்பம். 'ஊரறிந்த பெயர் பழைய பெயர்தானே' என்ற வாதம் வென்று, மாதக் கடைசியில் தலைப்பு பழையபடி ஆனது. விவாதத்தில் எழுதப்பட்ட சில வாக்கியங்கள் திருநர்களை இழிவுபடுத்துபவை. அதற்காகப் பலர்மேல் நடவடிக்கையும் வந்தது. இடையில் பெரிய ஊடகங்கள் புதுப் பெயருக்கு மாறின. அக்டோபரில் 'செல்சி மேனிங்' திரும்பியது.

உயிரோடு இருக்கும் ஒருவர் 'என்னை இப்படிக் கூப்பிடுங்கள்' என்று கேட்கும்போது, புழக்கத்தின் எண்ணிக்கையைக் காட்டி மறுப்பது அறமாகாது. விக்கிப்பீடியா இதைப் பட்டுத்தான் கற்றது. இப்போது ஒருவரின் பாலின அடையாளம் குறித்து அவர் சொல்வதற்கே முன்னுரிமை என்று வழிகாட்டு நெறி இருக்கிறது.

வட்டமடிக்கும் சான்று

ஒரு தலைப்பு விக்கிப்பீடியாவோடு நின்றுவிடுவதில்லை. கூகுளில் தேடினால் வலப்பக்கம் வரும் தகவல் பெட்டி, கேள்விக்குப் பதில் சொல்லும் ஒலிபெருக்கி, செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் எல்லாம் அங்கிருந்துதான் நிறைய எடுக்கின்றன. செய்தி அறையில் அவசரத்தில் இருக்கும் உதவி ஆசிரியரும் அங்கேதான் பார்க்கிறார். அவர் அச்சிட்டது மறுநாள் 'நம்பத்தகுந்த சான்றாக' விக்கிப்பீடியாவுக்கே திரும்புகிறது.

2009 பிப்ரவரியில் ஜெர்மனியில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். கார்ல் தியோடர் சூ குட்டன்பெர்க் என்பவர் பொருளாதார அமைச்சர் ஆனார். பிரபுக் குடும்பம், அவருடைய முழுப் பெயரில் முன்பெயர்கள் மட்டுமே வரிசையாகப் பத்து. யாரோ ஒருவர் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் அந்த வரிசைக்கு நடுவே 'வில்ஹெல்ம்' என்று ஒன்றைச் சொருகிவிட்டார். பில்டு நாளிதழ் முதல் பக்கத்தில் அந்தப் பெயரோடு செய்தி போட்டது. ஷ்பீகல் இணையதளமும் எழுதியது. விக்கிப்பீடியாவில் சந்தேகப்பட்டவர்கள் ஆதாரம் கேட்டபோது, ஆதாரமாகக் கிடைத்தது அந்தச் செய்திகளே. பொய் ஒரு சுற்றுப் போய்வந்து மெய்யாகிவிட்டது.

வேண்டுமென்றே செய்த விஷமம் என்பதால் அது பிடிபட்டது. நல்லெண்ணத்தோடு வைக்கப்படும் பெயர்களும் இதே பாதையில்தான் போய்வருகின்றன. அவற்றை யாரும் பிடிப்பதில்லை. தமிழுக்கு இந்த விவாதம் முக்கியமாவது இந்த இடத்தில்தான்.

தமிழில் நிலைமை தலைகீழ்

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா, ஐரோப்பா எனப் பல இடங்களில் இருந்து எழுதுகிறார்கள். பொதுவான விவகாரங்களைப் பேச 'ஆலமரத்தடி' என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியே பேச்சுப் பக்கம். 'வரலாற்றைக் காட்டவும்' என்ற பொத்தானை அழுத்தினால் யார், எப்போது, எந்தத் தலைப்புக்கு நகர்த்தினார்கள் என்று வரிசையாக வரும். சில கட்டுரைகளில் அந்த வரிசை நீளமானது.

ஆங்கிலத்தில் ஊர் எழுதியதைக் கலைக்களஞ்சியம் பின்பற்றுகிறது. தமிழில் பல துறைகளில் ஊர் எழுதியதே இல்லை. ஒரு வேதிச் சேர்மம், ஓர் ஆழ்கடல் மீன், ஒரு கணிதத் தேற்றம்: இவற்றைப் பற்றித் தமிழில் முதலில் எழுதுகிறவரே விக்கிப்பீடியா தொகுப்பாளராகத்தான் இருக்கிறார். அவர் வைக்கும் தலைப்பே தேடலில் முதலில் வருகிறது; மாணவரின் ஒப்படைவில் ஏறுகிறது; செய்தியாளர் எடுத்தாளுகிறார். அந்தத் தொகுப்பாளர் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. சூட்டுகிறார்.

எழுதுகிறவர்களுக்குள்ளும் ஒரே வழக்கு இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஹைட்ரஜன், ஆக்சிஜன். யாழ்ப்பாணத்து மாணவருக்கு ஐதரசன், ஒட்சிசன். தமிழ் விக்கிப்பீடியாவில் ஹைட்ரஜன் 'ஐதரசன்' என்ற தலைப்பில் இருக்கிறது, மற்றது 'ஆக்சிசன்'. முதலாவது இலங்கை வழக்கு. இரண்டாவது தமிழ்நாட்டு வடிவத்தில் கிரந்த எழுத்தை மட்டும் நீக்கியது. இரு நாட்டுப் பாடநூலிலும் அது இல்லை. கிரிக்கெட் நெடுங்காலமாக 'துடுப்பாட்டம்' என்ற தலைப்பில் இருந்துவருகிறது. இலங்கையில் பழகிய சொல். மதுரைக்காரருக்குப் படகுப் போட்டி நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவா, அவுஸ்திரேலியாவா என்ற கேள்விக்கு 'ஆத்திரேலியா' என்ற மூன்றாவது விடை கிடைத்தது. எம்.ஜி.ஆரைப் பற்றிய கட்டுரை 'ம. கோ. இராமச்சந்திரன்' என்ற தலைப்பில் எழுதப்பட்டது.

கிரந்த எழுத்துகள் வேண்டுமா, வேண்டாமா என்பது இந்த விவாதங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் நீரோட்டம். வேண்டாம் என்பவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். தொல்காப்பியம் காட்டும் வடசொல் விதி இருக்கும்போது, அயல் ஒலிகளைத் தமிழ் ஒலிகளுக்குள் கொண்டுவருவது இந்த மொழிக்குப் புதிதல்ல. கலைச்சொற்களில் அதைச் செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் மனிதர்களின் பெயரில் கை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எம்.ஜி.ஆர். என்ற மூன்றெழுத்தைக் கோடிப் பேர் கூவினார்கள், சுவரில் எழுதினார்கள், கையில் பச்சை குத்திக்கொண்டார்கள். தலைப்பு அதுதான். ஜானகி, ஷாஜகான், ஸ்டெல்லா என்று பெற்றோர் வைத்த பெயரோடு ஓட்டர் ஐடி வாங்கியவர்களை வேறு எழுத்தில் எழுதும் உரிமை எந்தத் தன்னார்வலருக்கும் இல்லை. தன் தலைநகரின் பெயருக்காக உக்ரைன் கேட்டதும் செல்சி மேனிங் கேட்டதும் இந்த மரியாதையைத்தான்.

கலைச்சொற்களுக்கு வேறு வழி வேண்டும். வழிமாற்று இருப்பதால் 'ஆக்ஸிஜன்' என்று தேடுபவரும் சரியான பக்கத்துக்கு வந்துவிடுவார் என்று சொல்கிறார்கள். வருவார். ஆனால் தன் பாடப்புத்தகத்தில் இருக்கும் சொல் தலைப்பில் இல்லாததைப் பார்க்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி, தேர்வில் எதை எழுதுவது என்று குழம்புவாள். குறைந்தபட்சமாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: தமிழ்நாட்டு வடிவம், இலங்கை வடிவம் இரண்டையும் எந்த ஊர் வழக்கு என்ற குறிப்போடு ஒவ்வொரு அறிவியல் கட்டுரையின் முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் கொடுப்பது. சில கட்டுரைகளில் இது இருக்கிறது, பலவற்றில் இல்லை. எல்லாவற்றிலும் அப்படிச் செய்தால், எந்தத் தலைப்பு வென்றாலும் மற்ற வடிவம் மறைந்துபோகாது.

பெரிய வேலை வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாடு பாடநூல் கழகமும் இலங்கையின் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் தனித்தனியே கலைச்சொல் வைத்துக்கொண்டிருக்கும் வரை, இரண்டில் எதைத் தேர்வது என்ற சுமை சம்பளமில்லாத ஒரு சிறு குழுவின் தலையில்தான் விழும். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்துக்கு முன்பாவது இரு தரப்புப் பாடநூல் ஆசிரியர்களும் விக்கிப்பீடியா தொகுப்பாளர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து, தனிமங்களின் அட்டவணையில் இருந்தாவது தொடங்கலாம். 118 பெயர்கள்தான்.